தடிமனைக் கூட்டினால் புளோ ஹோல் போய்விடுமா?

ஜனவரி 6, 2024 – இழையைத் தொடங்கிய கேள்வி

கோவையில் சிறிய மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். மோனோபிளாக் பம்பு (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது) கேசிங்குகளை, அதாவது வெளிக்கூடுகளை, பவுண்டரியில் (வார்ப்படச் சாலையில்) வாங்கி, கடைசல் வேலை முடித்து, துளையிட்டு, நீரழுத்தச் சோதனை செய்து கொடுக்கிறேன். உலோகம் கிரே அயர்ன் (சாம்பல் வார்ப்பிரும்பு), தரம் எஃப்ஜி 200. நவம்பரில் ஊற்றி வந்த 60 கேசிங்குகளில் 14 கசிந்தன. பெரும்பாலும் ஃபிளாஞ்சில் (இணைக்கும் விளிம்பில்) ஸ்டட் (மரையுள்ள கம்பி) துளை போட்ட இடத்தில்தான் கசிவு. பவுண்டரிக்காரர் டிசைனைக் குறை சொல்கிறார். என்னைப் பொறுத்தவரை புளோ ஹோல் (வார்ப்பின் உள்ளே விழும் குழி) வந்தால் அது பவுண்டரியின் தவறு, வேறு பேச்சே இல்லை. இருந்தாலும் என் பக்கத்திலும் ஏதாவது செய்யலாம் என்று 8 மி.மீ. சுவரை 12 ஆக்கவும், ஸ்டட் வரும் பாஸை (துளைக்காகத் தடித்து விட்ட உருளைப் பகுதியை) 40 மி.மீ. விட்டத்திலிருந்து 46 ஆக்கவும் பேட்டர்ன் (மணலில் அச்சு எடுக்கும் மாதிரி உரு) செய்பவரிடம் பேசியிருக்கிறேன். 12 போதுமா, 14 வேண்டுமா?

ஜனவரி 6, இரவு – பதில் (இனி வரும் பதிவுகள் எல்லாம் பதில் எழுதுபவருடையவை)

பேட்டர்னில் கை வைக்க வேண்டாம். இப்போதே அவரை அழைத்து நிறுத்தச் சொல்லுங்கள். காரணத்தை நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 7, காலை

உருகிய இரும்பு மெல்லிய இடத்தில் முதலில் உறைகிறது, தடித்த இடத்தில் கடைசியாக. உறைந்து சுருங்கும் உலோகம் பக்கத்திலிருந்து திரவத்தை இழுக்கிறது. பக்கத்துச் சுவர் அதற்குள் உறைந்து வழியை அடைத்திருந்தால் இழுக்க ஒன்றும் இல்லை. உள்ளே குழி விழுகிறது.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். உறையும் நேரம், ஒரு பகுதியின் கனஅளவை அதன் குளிரும் பரப்பால் வகுத்து வரும் எண்ணின் இருமடியைப் பொறுத்தது. க்வோரினோவ் என்ற பொறியாளர் 1940-இல் வெளியிட்ட விதி இது. இன்றைய கணினி மென்பொருள்கள் வந்த பிறகும் கைக்கணக்குக்கு இதைத்தான் எடுக்கிறோம். தட்டையான சுவருக்கு அந்த எண் தடிமனில் பாதி, அதாவது 4. உருளையான பாஸுக்கு விட்டத்தில் கால் பங்கு, அதாவது 10. பத்தை நான்கால் வகுத்து இருமடியாக்கினால் 6.25. சுவர் உறைய ஒரு நிமிடம் ஆனால் பாஸின் நடுப்பகுதி உறைய ஆறு நிமிடங்களுக்கு மேல் ஆகும். பாஸ் சுவரோடு ஒட்டியிருப்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனால் எங்கே கடைசியாக உறைகிறது என்பதில் சந்தேகமே இல்லை.

அந்தக் கடைசிப் புள்ளியில்தான் நீங்கள் டிரில்லை இறக்குகிறீர்கள். உள்ளே மூடிக் கிடந்த குழியை டிரில் திறந்துவிடுகிறது. குழியின் மறுமுனை தண்ணீர்ப் பக்கம்வரை எட்டியிருந்தால் கசிகிறது. துளை போட்ட இடத்தில் கசிவது தற்செயல் அல்ல. குழி உட்காரும் இடத்தையும் துளை விழும் இடத்தையும் ஒரே கோடு தீர்மானித்திருக்கிறது. அந்தக் கோட்டை வரைந்தவர் பவுண்டரிக்காரர் அல்ல.

இன்னொன்று. விலாக்கள் (வலுவுக்காகச் சுவரில் நிற்கும் தட்டுகள்) சுவரோடு சேரும் மூலைகளையும் பாருங்கள். 10 மி.மீ. விலா 10 மி.மீ. சுவரில் டி வடிவில் சேர்ந்து, மூலை வளைவு 3 மி.மீ. இருந்தால், அந்தச் சந்திப்புக்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டம் 12 மி.மீ. வரும். அந்த வட்டம்தான் சூடு தங்கும் இடம்.

ஜனவரி 7, மதியம்

காலையில் சொன்ன 12 தவறு. மனக்கணக்காக எழுதிவிட்டேன். சாப்பிட்ட பிறகு தாளில் வரைந்து பார்த்தேன்: 14 மி.மீ. வருகிறது. 14-க்கும் 10-க்கும் உள்ள விகிதத்தை இருமடியாக்கினால் ஏறத்தாழ 2. பக்கத்துச் சுவரைவிட இரு மடங்கு நேரம் திரவமாக நிற்கும்.

வரைந்ததில் இன்னொன்றும் பளிச்சென்று தெரிந்தது. மூலையில் தகைவு (ஸ்ட்ரெஸ்) குறையட்டும் என்று வளைவை 3-லிருந்து 10 ஆக்கினால் வட்டம் 17.5 மி.மீ. ஆகிறது. நேரம் மூன்று மடங்கு. கூர்மையான மூலை விரிசலுக்கு வழிவிடும் என்று கல்லூரியில் படித்தது உண்மை. பெரிய வளைவு அதே மூலையின் வயிற்றில் குழியை வளர்க்கும் என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொண்டு வளைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் பெரும்பாலும் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை வைத்துத் தொடங்குவேன்.

விலாக்கள் கூட்டல் குறிபோல் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் இன்னும் மோசம். அதே 10 மி.மீ. தடிமன், 3 மி.மீ. வளைவுக்கு வட்டம் 16.6. ஒரு விலாவைச் சற்று நகர்த்தி இரண்டு டி சந்திப்புகளாக்கினால் ஒவ்வொன்றும் 14-க்கு இறங்கிவிடும். பணம் செலவில்லை, பேட்டர்னில் ஒரு விலாவின் இடம் மட்டும் மாறுகிறது.

ஜனவரி 9

ஒரு நண்பர் கணக்குப் போட்டுக் கேட்டிருக்கிறார்: "சுவரை 12 ஆக்கினால் அதன் எண் 6. பாஸ் 40-இலேயே இருந்தால் விகிதத்தின் இருமடி 6.25-லிருந்து 2.8 ஆகக் குறைகிறதே. அப்படியென்றால் தடிமனைக் கூட்டச் சொன்னவர் சரிதானே?"

சரியான கேள்வி, நான் முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சுவர் தடித்தால் பாஸுக்கு உணவு, அதாவது திரவ இரும்பு, போகும் வழி அதிக நேரம் திறந்திருக்கும். உண்மை. பாஸையும் 46 ஆக்கினால் அந்த லாபத்தில் ஒரு பகுதி போய்விடும், அப்போது 3.7.

ஆனால் விலை என்ன? சுவரின் எடை பாதிக்குப் பாதி கூடுகிறது. ஒவ்வொரு கேசிங்கிலும் அந்த இரும்பை உருக்கி, ஊற்றி, சுமந்து, விற்க வேண்டும். அதோடு, கிரே அயர்ன் மெல்லிய இடத்தில் உறைந்தால் கிராஃபைட் செதில் நுணுக்கமாக விழும். தடித்த இடத்தில் மெதுவாக உறைந்தால் செதில் பெரிதாகும், வலிமை இறங்கும். எஃப்ஜி 200 என்பதில் உள்ள 200 என்ற இழுவலிமை, தனியாக ஊற்றிய 30 மி.மீ. சோதனைக் கம்பியில் அளந்தது. உங்கள் கேசிங்கின் ஒவ்வொரு மூலையிலும் அதே 200 இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. தடிமன் ஒன்றரை மடங்கு ஆனால் பலமும் ஒன்றரை மடங்கு ஆகும் என்று எண்ணிவிடக் கூடாது.

மறுபக்கமாக வாருங்கள். பாஸை ஏன் குறைக்கக் கூடாது? அது எந்த ஸ்டட்டுக்கான பாஸ்?

ஜனவரி 9, இரவு

இழையைத் தொடங்கியவர் பதில் போட்டிருக்கிறார். ஸ்டட் எம்12 (12 மி.மீ. விட்டம்). பேட்டர்ன் பழைய பெரிய பம்பிலிருந்து வந்தது. அதில் எம்16 இருந்ததாம். ஸ்டட் சிறிதாகிவிட்டது, பாஸ் அப்படியே நின்றுவிட்டது.

எம்12-க்கு 28 மி.மீ. பாஸ் தாராளம். எண் 7. விகிதத்தின் இருமடி 3.1. சுவரில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டாமல் 6.25-லிருந்து பாதியாக்கிவிட்டோம், இரும்பும் மிச்சம். இப்படி எத்தனை பேட்டர்ன்களில் பழைய பம்புகள் ஒளிந்து உட்கார்ந்திருக்கின்றனவோ! கோவையில் பேட்டர்னை யாரும் எறிவதில்லை. மரத்தில் இருந்ததை அலுமினியத்தில் எடுப்போம், ஒரு பாஸை ஒட்டுவோம், ஒரு விலாவைச் செதுக்குவோம். வரைபடம் அதன் பின்னால் ஓடிவரும்.

ஜனவரி 12

தடிமன் விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு வேகமாக "கை வைக்க வேண்டாம்" என்று எழுதினேன் என்று கேட்டவருக்கு.

வேலைக்குச் சேர்ந்து நான்காவது ஆண்டில் எஸ்ஜி அயர்னில் (கிராஃபைட் உருண்டையாக இருக்கும் வார்ப்பிரும்பில்) ஒரு வண்டித் தாங்கி வரைந்தேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். களத்தில் ஐந்தாறு மாதங்களில் விலாவின் அடியில் விரிசல் வந்தது. பலம் போதவில்லை என்று நானே முடிவு செய்து 10 மி.மீ. விலாவை 18 ஆக்கினேன். புதிய தாங்கிகள் மூன்றே மாதங்களில் உடைந்தன. முன்பைவிடச் சீக்கிரம். அறுத்துப் பார்த்தபோது, விலா சுவரோடு சேரும் மூலைக்கு நேர் கீழே, மேற்பரப்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், பொரித்த அப்பளம்போல ஒரு பஞ்சுப் பகுதி. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருந்தது. நான் கூட்டிய 8 மி.மீ. இரும்புதான் அந்தக் குழியை அங்கே வளர்த்தது. பவுண்டரியைத் திட்டி நான் எழுதிய கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. அந்த மோல்டர்களிடம் (மணல் அச்சு செய்பவர்களிடம்) நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அது என்னை இன்னும் உறுத்துகிறது.

பிறகு விலாவை 8 மி.மீ. ஆக்கி, எதிரெதிரே இருந்த இரண்டையும் நகர்த்தி வைத்தோம். அது உடையவில்லை.

ஜனவரி 13

மாணவர் ஒருவரின் கேள்வி: "பாதுகாப்புக் காரணி (தேவையைப்போல் எத்தனை மடங்கு பலம் என்ற எண்) இரண்டு, மூன்று என்று போடுகிறோமே, குறைகளுக்கும் சேர்த்துத்தானே அது?"

தம்பி, ஓரளவுக்கு மட்டும். உருண்டையான குழி ஒன்று தடித்த உலோகத்தின் நடுவே இருந்தால் அதன் விளிம்பில் தகைவு ஏறத்தாழ இரு மடங்காகும். அது மேற்பரப்பை ஒட்டி வந்தால் இன்னும் ஏறும். முள்முள்ளான சுருக்கக் குழியாக இருந்தால் அதற்கும் மேல். இவை எதையும் வரைபடத்தில் போட்ட ஒற்றை எண் அறியாது. வளையும் உறுப்பில் தகைவு மேற்பரப்பில் உச்சம், நடுக்கோட்டில் பூஜ்யம். நடுக்கோட்டில் 3 மி.மீ. குழி ஒன்று பல ஆண்டுகள் சும்மா கிடக்கலாம். மேற்பரப்பில் 1 மி.மீ. குழி, மீண்டும் மீண்டும் வரும் சுமையில், உறுப்பையே முடித்துவிடலாம். குழியின் அளவைவிட அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் முதல் கேள்வி.

விமானத் துறையில் வார்ப்படங்களுக்கு என்றே தனியாக ஒரு காரணி விதியில் இருக்கிறது. எவ்வளவு கடுமையாகச் சோதிக்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தக் காரணியைக் குறைத்துக்கொள்ளலாம். கண்ணால் மட்டும் பார்த்தால் அதிகம். சோதனையும் தடிமனும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பதை அவர்கள் எழுதியே வைத்துவிட்டார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஜனவரி 13, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்தபோது ஒரு திருத்தம் தேவை என்று தோன்றியது. நான் சொன்னது எஃகு, எஸ்ஜி அயர்ன், அலுமினியம் ஆகியவற்றுக்கு முழுதாகப் பொருந்தும். கிரே அயர்னில் கிராஃபைட் செதில்களே ஆயிரக்கணக்கான சிறு விரிசல்கள் மாதிரி. அதன் நடுவே கூடுதலாக ஒரு சிறு குழி வந்தாலும் பலத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால் கேள்வி கேட்டவரின் கேசிங்கில் பிரச்சினை உடைவதல்ல, கசிவதுதான். இரண்டுக்கும் மருந்து வேறு. கிரே அயர்ன் அமுக்கத்தை இழுவிசையைப்போல மூன்று நான்கு மடங்கு தாங்கும். ஆகவே விலாவை இழுபடும் பக்கம் வைக்காமல் அமுங்கும் பக்கம் வைப்பது பழைய நல்ல வழக்கம்.

ஜனவரி 14, போகி

பவுண்டரிகள் விடுமுறை. கசிந்த கேசிங்கின் படங்கள் கிடைத்ததும் தொடர்வோம். அனைவருக்கும் பொங்கல் வாழ்த்து.

ஜனவரி 19

படம் வந்தது. கசிந்த துளையின் உட்சுவர். முள்முள்ளாக, பெரணி இலையின் நுனிகள்போலக் கிளைத்த குழி. நிறம் மங்கல். இது சுருக்கக் குழிதான், பாஸின் சூடு. நான் முதல் நாள் சொன்னது சரியாகப் போனது. 28 மி.மீ. பாஸோடு பேட்டர்னைத் திருத்தச் சொல்லலாம்.

அடையாளம் தெரியாதவர்களுக்கு: வாயுவால் வந்த குழி உருண்டையாக, உள்ளே வழவழப்பாக, பெரும்பாலும் பளபளப்பாக இருக்கும். சுருக்கக் குழி கரடுமுரடாக இருக்கும். கடையில் எல்லாவற்றையும் புளோ ஹோல் என்றே அழைக்கிறோம். பெயர் ஒன்றானதால் மருந்தும் ஒன்று என்று ஆகிவிட்டது, அதில்தான் பாதிச் சண்டை.

ஜனவரி 28

19-ஆம் தேதி எழுதியதில் பாதி தவறு.

நான் கேட்டதற்கிணங்க அவர் கசிந்தவற்றில் ஐந்தை அறுத்துப் படம் அனுப்பினார். மூன்றில் பாஸின் நடுவே அதே முள் குழி. மற்ற இரண்டில் பாஸ் சுத்தமாக இருக்கிறது. குழி, கேசிங்கின் மேல் சுவரில், கோரை (உள்வெற்றிடத்தை உருவாக்கும் மணல் உருவை) ஒட்டிய பக்கம், தோலுக்கு அடியில் கொத்தாக. உருண்டை, வழவழப்பு, மினுமினுப்பு. அது வாயு. ஸ்டட் துளையின் அடி அந்தக் கொத்தைத் தொட்டதால் கசிவு துளை வழியாக வெளியே வந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே இடம்.

முதல் கேள்வியிலேயே ஒரு சொல் இருந்தது, நான் தாண்டிப் போய்விட்டேன்: நவம்பர். வடகிழக்கு மழை. கோர் ஈரத்தை இழுக்கும். ஈரக் கோர்மேல் இரும்பு ஏறியதும் நீராவியும் பைண்டர் (மணலைப் பிணைக்கும் பொருள்) எரியும் வாயுவும் வெளியேற வழி தேடும். கோரின் உள்ளே வென்ட் (வாயு வெளியேறும் துளை) இல்லையென்றால், அல்லது கோரின் நுனியில் பசை பூசி வென்ட்டை அடைத்துவிட்டால், வாயு இரும்புக்குள்ளேயே குமிழியாக ஏறும். அச்சின் மேல் பெட்டிப் பக்கம் போய்த் தங்கும். மேல் சுவரில் இருந்ததன் காரணம் அதுதான்.

அவரிடம் பவுண்டரியில் கேட்கச் சொன்னேன்: கோரை அடுப்பில் உலர்த்திய பின் எவ்வளவு நேரத்தில் பெட்டிக்குள் வைக்கிறீர்கள்? பதில்: மறுநாள் காலை. இரவு முழுக்க கோர்கள் சாரலில் நனையும் ஜன்னலுக்குக் கீழே.

இதில் வடிவமைப்பாளருக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. கோரின் நுனி எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வாயு வெளியேற வழி. உறிஞ்சும் வாயும் வெளியேற்றும் வாயும் குறுகலாக இருந்தால் கோர் மூச்சு விடாது. அவருடைய கேசிங்கில் வெளியேற்றும் வாய்ப்பக்கக் கோர் நுனியை இன்னும் 10 மி.மீ. நீட்டலாம், நடுவே வென்ட் போடலாம்.

ஜனவரி 29

மூன்றாவது காரணமும் உண்டு என்று ஒரு மோல்டர் எழுதியிருக்கிறார், அவர் சொல்வது மிகச் சரி. கிரே அயர்ன் உறையும்போது கிராஃபைட் பிரிந்து விரிகிறது; சுருக்கத்தின் பெரும்பகுதியை அந்த விரிவே ஈடு செய்கிறது. அதனால்தான் எஃகுக்கு வைக்கும் அளவு பெரிய ரைசர் (சுருக்கத்தை ஈடுசெய்யத் திரவ உலோகத்தைத் தேக்கி வைக்கும் பகுதி) இதற்குத் தேவைப்படுவதில்லை. ஆனால் அந்த விரிவு உள்நோக்கிப் போய்க் குழியை நிரப்ப வேண்டுமானால் மணல் கல்போல நிற்க வேண்டும். மணலைச் சரியாக இடிக்கவில்லையென்றால் அச்சு வெளியே தள்ளப்படும், வார்ப்படம் ஒரு மில்லிமீட்டர் தடிக்கும், உள்ளே குழி விழும்.

பாஸைக் குறைத்தால் போதும் என்று நான் 19-இல் சொன்னதற்கு இது ஒரு வரம்பு. வரைபடம் மட்டும் காப்பாற்றாது. கசிந்த கேசிங்கையும் கசியாததையும் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். கசிந்தது தடித்திருந்தால் மணல்.

ஜனவரி 31

அளந்துவிட்டார். தடிமன் வித்தியாசம் இல்லை. மணல் குற்றவாளி அல்ல. ஆனால் ஒரு பக்கச் சுவர் 6.5, எதிர்ப்பக்கம் 9.5. கோர் நகர்ந்திருக்கிறது. இது எதிர்பாராதது.

பிப்ரவரி 4

ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் ஊரில் இரும்புத் தூள் கலந்த எபாக்சிப் பசையைக் குழியில் அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்துவிடுவார்கள். யாருக்கும் தெரியாது. பம்புதானே."

இதைப் படித்து இரண்டு நாள் எழுத மனம் வரவில்லை. 1879 டிசம்பர் 28 இரவு, ஸ்காட்லாந்தில் டே ஆற்றின் பாலம் புயலில் விழுந்தது. அதன் மேல் போய்க்கொண்டிருந்த ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. பாலம் திறந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. உயரமான நடுத் தூண்கள் வார்ப்பிரும்புக் குழாய்கள். குறுக்குக் கம்பிகளைப் பூட்டுவதற்கான காதுகளைத் தூணோடு சேர்த்தே வார்த்திருந்தார்கள். அந்தக் காதில் போல்ட் துளையையும் துளையிடாமல் வார்ப்பிலேயே விட்டிருந்தார்கள். பேட்டர்ன் மணலிலிருந்து கழன்று வரச் சரிவு வேண்டும் அல்லவா? அதனால் துளை கூம்பாகிவிட்டது. போல்ட் துளையின் முழு அகலத்தில் உட்காராமல் ஒரு விளிம்பில் மட்டும் உட்கார்ந்தது. இழுவிசையில் பலவீனமான உலோகம், விளிம்பில் குவிந்த சுமை, குழி விழ வாகான தடித்த காது.

தூண்களை வார்த்த வொர்மிட் பவுண்டரியில் குழிகளை அடைக்க ஒரு கலவை வைத்திருந்தார்கள். தேன்மெழுகு, வயலின்காரர்கள் வில்லில் தேய்க்கும் பிசின், இரும்புத் தூள், விளக்குக் கரி. உருக்கி அடைத்துத் தேய்த்தால் இரும்புபோலவே மினுங்கும். அதற்கு 'போமான்ட் முட்டை' என்று பெயர். விசாரணையில் இது வெளிவந்தது. காதுகளை டேவிட் கிர்கால்டி சோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த சுமையைவிட மிகக் குறைந்த சுமையிலேயே உடைந்தன. பாலத்தை வடிவமைத்த தாமஸ் பௌச் காற்றின் விசைக்குத் தனியாக இடம் கொடுத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் அவரும் இறந்தார்.

மெழுகை அடைத்த தொழிலாளியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. காதைத் தூணோடு வார்க்கச் சொன்னதும், துளையை வார்ப்பிலேயே விடச் சொன்னதும் வரைபடம்தான். ஆனால் மறைத்தவர் வேறு ஒரு தவறு செய்தார்: வரைபடம் தவறு என்று வரைந்தவருக்குத் தெரியாமல் ஆக்கினார். குழி வெளியே தெரிந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்.

பம்புதானே என்பவருக்கு: விவசாயி ஒருவர் கிணற்றடியில் ஈரத் தரையில் நின்று அந்த பம்பைத் தொடுகிறார். கேசிங் கசிந்து மோட்டார் பக்கம் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பிப்ரவரி 5

கசிவை அடைக்கவே கூடாதா என்று கேட்கிறார்கள். கூடும், ஒளிக்கத்தான் கூடாது. வெற்றிடத்தில் வைத்து நுண் துளைகளுக்குள் ரெசினை (இறுகும் பசையை) ஏற்றும் முறை அலுமினிய உறுப்புகளில் அன்றாடம் நடக்கிறது. அது எல்லோருக்கும் தெரிந்து, வரைபடத்திலேயே எழுதி, கடைசல் முடிந்த பிறகு செய்வது. நுண் துளைக் கசிவை நிறுத்தும். பலத்தைத் திருப்பித் தராது. கண்ணுக்குத் தெரியும் குழிக்குப் பயன்படாது.

அலுமினியம் பற்றிக் கேட்ட மாணவருக்கும் இங்கேயே: திரவ அலுமினியம் கரைத்து வைத்திருக்கும் ஹைட்ரஜன், உறையும்போது இருபதில் ஒரு பங்காகக் குறைகிறது. மிச்சம் குமிழியாகிறது. டை காஸ்டிங்கில் (உலோக அச்சுக்குள் அழுத்தி வார்ப்பதில்) அதோடு காற்றும் சிக்குகிறது. மேல் தோல் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர்வரை நெருக்கமாக இருக்கும், அதற்கு உள்ளே துளைத்துளையாக. அதனால் டை காஸ்டிங்கில் கடைசலுக்கு 3 மி.மீ. விடுவது பாதுகாப்பு அல்ல, ஆபத்து. நல்ல தோலைச் சீவி எறிந்துவிட்டு மோசமான உட்பகுதியை முகமாக்குகிறீர்கள்.

பிப்ரவரி 11

கோர் நகர்வு பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் அதை யாரும் குறையாகவே எண்ணுவதில்லை. கேசிங்கில் ஒரு சுவர் 6.5 என்றால் அங்கே அரிப்புக்கு விட்ட இருப்பு போய்விட்டது. அதைவிட மோசம் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்). அதன் கோர் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால் இரண்டு பக்கத் தட்டும் சமமாக இருக்காது. நிறுத்திப் பார்த்து ஒரு பக்கம் கிரைண்டர் வைத்துச் சமன் செய்துவிடுவார்கள். எடை சமன் ஆகிவிடும். தண்ணீர் போகும் வழி? ஒன்று அகலம், ஒன்று குறுகல். சீரற்ற தண்ணீர் சீரற்றுத் தள்ளும், அதிர்வு வரும், சீல் தேயும், பேரிங் போகும். வாடிக்கையாளர் பேரிங்கைத் திட்டுவார்.

இம்பெல்லர் வழியில் எரிந்து ஒட்டிய மணலும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாது, கை நுழையாது. விரலால் தடவினால் சாணைக்கல் மாதிரி இருக்கும். அந்தச் சொரசொரப்புக்காகத் தண்ணீர் வாங்கும் மின்சாரத்துக்கு யாரும் பில் போடுவதில்லை. பம்பு சிறியதானால் அதன் பங்கு இன்னும் பெரிது, வழி குறுகலாக இருப்பதால்.

பிப்ரவரி 12

ஒரு சின்ன விலகல். சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் மெழுகு உருவத்தின் மேல் முதலில் பூசுவது காவிரியின் நயமான வண்டல் மண். விரல் நகம்வரை பதிவது அதனால். மெல்லிய கைகளும் பிரபையும் உறைவதற்குள் உலோகம் போய்ச் சேர, மெழுகிலேயே குச்சிக் குச்சியாக வழிகள் ஒட்டுவார்கள், பிறகு அறுத்து எடுப்பார்கள். அங்கே வடிவமைப்பவரும் வார்ப்பவரும் ஒரே ஆள். அதனால் உருவத்தைச் செய்யும்போதே உலோகம் எந்த வழியாக ஓடும் என்பதும் அவர் கையில் இருக்கிறது. நம் வேலையில் அந்த ஒரு ஆளை நான்காகப் பிரித்து நான்கு தெருக்களில் உட்கார வைத்திருக்கிறோம்.

பிப்ரவரி 20

கேள்வி கேட்டவரும் நானும் தொலைபேசியில் பேசி வரைபடத்தைத் திருத்தினோம். எழுதியது இவ்வளவுதான்:

பாஸ் 28. ஃபிளாஞ்ச் முகம் கீழ்ப் பெட்டியில் வர வேண்டும், ஏனென்றால் கசடும் வாயுவும் மேலே ஏறும். கேஸ்கட் (கசிவைத் தடுக்கும் தகடு) உட்காரும் முகம் கீழே இருந்தால் சுத்தமாக இருக்கும். ஸ்டட் துளையின் அடிக்கும் தண்ணீருக்கும் இடையே குறைந்தது ஒரு சுவர்த் தடிமன். கோர் நுனி நீளம், வென்ட். பிறகு மூன்று நிறங்களில் பகுதிகள்: சிவப்பில் குழி எதுவும் கூடாது, மஞ்சளில் 2 மி.மீ.க்குள் தனித்த குழி இருக்கலாம், பச்சையில் கண்டுகொள்ள வேண்டாம். கேசிங் நிற்கும் காலடிகள் எல்லாம் பச்சை.

பச்சை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று பார்த்து அவரே வியந்தார். இதுவரை முழுக் கேசிங்கையும் சிவப்பாக எண்ணித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார், காலடியில் ஒரு சிறு குழிக்காக.

பிப்ரவரி 23

பவுண்டரிக்காரர் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவரை அழைத்திருக்கிறார். பதினோரு ஆண்டு வியாபாரத்தில் அவராக ஒரு கேள்வி கேட்க அழைத்தது இதுவே முதல் முறையாம். கேள்வி: "சிவப்புப் பக்கத்தில் கேட் (உலோகம் அச்சுக்குள் நுழையும் வழி) வைக்கலாமா, கூடாதா?" எவ்வளவு நல்ல கேள்வி! பச்சைப் பக்கத்தில் வைக்கச் சொன்னோம்.

மார்ச் 17

புதிய பேட்டர்னில் 40 ஊற்றினார்கள். கோர்கள் அடுப்பிலிருந்து எடுத்த அன்றே. மூன்று கசிந்தன.

அறுத்த படங்கள் வந்திருக்கின்றன. பாஸ் மூன்றிலும் சுத்தம். மேல் சுவரும் சுத்தம். மூன்று கசிவும் சுவரின் ஒரே இடத்தில், துளைக்கு ஒரு சாண் தள்ளி. அந்த இடத்தில் கோரைத் தாங்க ஒரு சேப்லெட் (சிறு உலோகத் தாங்கி) வைக்கிறார்களாம், கோர் நகராமல் இருக்க. ஜனவரியில் 6.5, 9.5 என்று அளந்தபோதே சேப்லெட்டைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. சேப்லெட் சுற்றியுள்ள இரும்போடு உருகி ஒட்ட வேண்டும். படத்தில் அதைச் சுற்றி மயிரிழை அளவு கோடு தெரிகிறது, ஒட்டவில்லை. பழைய தொகுப்பிலும் இது இருந்திருக்கும், பாஸின் கசிவு அதை மறைத்திருக்கும்.

வெள்ளீயம் பூசிய சேப்லெட்டா, துருப்பிடித்ததா என்பதுதான் இப்போது தெரிய வேண்டியது. திங்கட்கிழமை பவுண்டரிக்குப் போகும்போது அந்தச் சேப்லெட் டப்பாவைத் திறந்து, மேலே கிடப்பதை அல்ல, அடியில் கிடப்பதை எடுத்து வெளிச்சத்தில் படம் பிடித்துப் போடுங்கள்.